தங்கையின் பெட்டியும் பிய்த்துப் போட்ட சீட்டுகளும்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: எங்கள் அப்பாவின் தங்கையான ஊரப்பாக்கம் அத்தை. திருக்கழுக்குன்றத்தில் இருந்து வந்திருந்த, தங்கையின் கணவரான மாப்பிள்ளையின் தம்பி, அதாவது பாப்பாவுக்குச் சித்தப்பா. அவருடைய மனைவி, பாப்பாவுக்குச் சித்தி. தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்ற எதிர் வீட்டு அக்கா. என் மனைவி. நான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, தங்கையின் ஒரே மகள். ஆக ஏழு பேர். எட்டாவதாக யாரோ வந்து எடுத்துப் போய்விட்டார்கள் என்று பிற்பாடு யாரும் சொல்ல வேண்டாம். நான் பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

தங்கை போன மூன்றாம் நாள் அது. காலையில் பால் தெளித்துவிட்டு வந்து, சாப்பாடு முடிந்து, மதியம் இரண்டரை மணி இருக்கும். பூஞ்சேரியில் அவள் குடியிருந்த வாடகை வீடு. அந்த வீட்டில் அன்று நடந்ததைத்தான் தங்கையின் இந்த நினைவு மலரில் எழுதப் போகிறேன்.

நல்லதை மட்டும் எழுது என்று பலர் சொன்னீர்கள். செங்கல்பட்டு அச்சகத்தாரும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இன்னா சார், சொந்தக்காரங்க கையில குடுக்கிற புக்கு. இதப் போடலாமா?" என்று கேட்டார். "அவுங்க கையில குடுக்கத்தான் சார் போடறேன்" என்றேன். தங்கையை 'அவர்' என்று மரியாதையாகப் போடச் சொன்னார். எழுதிப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தது. எனக்கு ஆறு வயது இளையவள். 'அவள்' என்றே எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மட்டும் கேட்க மாட்டேன்.

செங்கல்பட்டில் இருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிப் போனால் வரும் காலனிதான் எங்களுக்குச் சொந்த ஊர். சொந்த ஊர் என்கிறோமே தவிர அங்கே எங்களுக்கு என்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நட்டார்கள், அறுத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போனார். மறு வாரம் நான் பள்ளிக்கூடப் பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். ஒருவராவது படிக்கட்டும் என்று அம்மா சொன்னார். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள். அவள் பரீட்சை எழுதிய வருடம் அம்மாவும் போய்விட்டார். அதன் பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள்.

அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எனக்கு லைசென்ஸ் எடுக்க விண்ணப்பம் எழுதியது அவள். வங்கியில் இருந்து வரும் கடிதம், கரண்ட் பில், கம்பெனி நோட்டீஸ் எதுவாக இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புவேன், படித்துச் சொல்வாள். அதனால் எழுத்தைக் கண்டால் நின்று படிக்கும் பழக்கமே எனக்கு விட்டுப் போயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

நான் பயந்த சுபாவம். மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். வண்டி எடுக்கும் முன் ஆறு டயரையும் தட்டிப் பார்ப்பேன், பாதி தூரம் போனதும் ஸ்டெப்னியைத் தட்டினேனா என்று யோசிப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தங்கை அதற்குக் கிண்டல் செய்வாள். "அண்ணா, தெருமொன வந்துட்டோம். வூட்டப் பூட்டினியான்னு போயி ஒரு தபா பாத்துட்டு வா. நான் இங்கியே நிக்கிறேன், எனக்குக் கால் நோவாது." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நான் உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மாப்பிள்ளை திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். கறுப்பு ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன் ஒன்றை வண்டியில் மாட்டியிருப்பார். சவாரி முடிந்து தெரு முனையில் திரும்பும்போது அதைப் பாம் பாம் என்று இரண்டு தரம் அமுக்குவார். தங்கை அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். பாப்பாவுக்கு இரண்டரை வயதாகும்போது அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. ஆட்டோவைக் கடன்காரர் எடுத்துப் போனார். ஹாரனை மட்டும் தங்கை கழற்றி வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில், துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. காலையில் இருந்து சாயங்காலம் வரை இஸ்திரி. அங்கே தங்க வருகிறவர்கள் விட்டுப் போகும் பொருட்கள் துணியோடு சுருண்டு வரும். குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், தலைக் கிளிப், மூக்குக்கண்ணாடி. மற்றவர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். தங்கை போட மாட்டாள். கிழிந்த விரிப்பைக் கீற்றாக நறுக்கி, துவைத்தாலும் போகாத மையால் அறை எண்ணை எழுதி ஊக்கால் குத்தி வைப்பாள். ஓர் அறையில் ஐந்து பொருள் கிடைத்தால் ஒவ்வொரு சீட்டிலும் ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று இலக்கம் போடுவாள். ஒன்று காணாமல் போனாலும் தெரிய வேண்டுமாம். காது உடைந்த ஒரு பொம்மை யானையை எட்டு மாதம் வைத்திருந்து, கேட்டு வந்த குடும்பத்திடம் கொடுத்திருக்கிறாள். "உடைஞ்ச பொம்மைக்கு இவ்ளோ சீன் போடறியா?" என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். "ஒடஞ்சதுன்னு நாம யாரு சார் சொல்றது? அது அவுங்களுது" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை.

அப்படி அடுத்தவர் பொருளைக் காத்தவளின் பெட்டிக்கு நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது தெரிந்து பத்து மாதம் இருந்தாள். வாரம் இரண்டு முறை செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். ஷிப்ட் மாற்றிக்கொண்டு நான்தான் அழைத்துப் போவேன். கடைசி வாரத்தில் ஒரு நாள், கையில் ஊசி குத்தியபடி படுத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணா, நீலப் பெட்டிய மட்டும் பாத்துக்கோ. பாப்பாவோடது. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"பீரோ சாவி எங்க கீது?" என்று கேட்டேன்.

"நீ திருந்தவே மாட்டண்ணா" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

நீலப் பெட்டி என்பது ஓட்டலில் யாரோ வேண்டாம் என்று விட்டுப் போன, ஒரு சக்கரம் இல்லாத சூட்கேஸ். மேலாளர் அவளிடமே கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் மதியம் அதைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்தவர் அத்தை.

"பூட்டு இல்ல. தொறங்க. கண்ணு முன்னால கெடந்தா புள்ள ஏங்கிப் பூடும். இன்னிக்கே காலி பண்ணிடணும்" என்றார் அத்தை.

திறந்ததும் எல்லோரும் குனிந்தோம். எல்லாப் பொருளிலும் வெள்ளைத் துணிச் சீட்டு குத்தியிருந்தது.

"இன்னா இது, எல்லாத்துலயும் சீட்டு கீது?" என்றார் சித்தி.

"ஓட்டல் சாமானா இருக்கும். அந்த மாதிரிதான் குத்துவாங்க" என்று ஒரு குரல் சொன்னது. "நாளைக்கு வந்து, திருடிக்கினு வந்துட்டான்னு நின்னானுங்கன்னா இன்னா பண்றது? செத்தவ பேரு நாறிப் பூடும். சீட்டெல்லாம் பிச்சுப் போடுங்க."

அந்தக் குரல் யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் பிய்த்தார்கள். ஊக்குகள் ஒரு டம்ளரில் விழுந்தன, சீட்டுகள் தரையில். பாப்பா ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "அது என் பெட்டி."

"சும்மா இரு கண்ணு. பெரியவங்க பேசிக்கினு இருக்காங்க இல்ல" என்றார் சித்தி.

பிறகு ஆளுக்கு ஒன்றாகக் கை போயிற்று. மாப்பிள்ளையின் காக்கிச் சட்டையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், அவரும் ஆட்டோக்காரர், உதவும் என்று. மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியும் அலமாரியில் இருந்த தங்கையின் செல்போனும் சித்தியிடம் போயின. மயில் கழுத்து நிறப் புடவையும் ஹாரனும் அத்தையின் கட்டைப் பைக்குள் போயின. கருமாதி பேனருக்கு என்று ஒரு போட்டோவை என் மனைவி எடுத்துக்கொண்டாள். மற்றவற்றை யார் எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் 'எழுதி வைத்திருக்கிறேன்' என்று அவள் சொன்ன காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகமாக இருக்கும், பேங்க் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து பீரோவைக் குடைந்தேன். கிடைக்கவில்லை. காய்ச்சலில் ஏதோ பேசியிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பாப்பா இப்போது கூடுவாஞ்சேரியில் எங்களோடுதான் இருக்கிறாள். ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. அழ மாட்டாள், அதுவே எனக்குப் பயம். நாலு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "மாமா, அம்மா கொரல் எப்பிடி இருக்கும்?"

"ஏன்டா, மறந்துடுச்சா?"

"பேசறது ஞாபகம் கீது. கொரல்தான் வரல."

பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினேன். செல்போனில் அவள் பேசி அனுப்பியதெல்லாம் இருக்குமே என்று தோன்றி, உடனே சித்திக்குப் போன் போட்டேன்.

"அந்த போனா? கோலம் மாதிரி இழுக்கிற லாக்கு போட்டிருந்தாங்கண்ணா. தெறக்கல. கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சி புதுசு பண்ணி வெச்சிருக்கோம். பையன் கேம் ஆடறான்."

பாப்பாவிடம் கேட்டேன். "லாக்கு எப்படின்னு உனக்குத் தெரியுமா?" சாப்பாட்டுத் தட்டில் விரலால் இழுத்துக் காட்டினாள். பாப்பா பெயரின் முதல் எழுத்து. அன்று அந்த வீட்டில் அவளும்தானே உட்கார்ந்திருந்தாள். சித்தி, ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருந்தால் ஆகாதா? ஒரு வார்த்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊரப்பாக்கம் போனேன். புடவையைக் கேட்டேன். பாப்பா பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது தங்கை கட்டியிருந்த புடவை அது.

"அதுவா நைனா? மடிப்புல நைஞ்சி போச்சிடா. பாத்திரக்காரன் வந்தான், இன்னும் நாலு துணி சேத்துப் போட்டேன்" என்று உள்ளே போய் ஒரு எவர்சில்வர் பேசினைக் கொண்டுவந்து வைத்தார் அத்தை. "நல்ல கனம். பொடவைக்கு பதிலா இத எடுத்துக்கினு போ."

"அத்த, இதுல அவ வாசன வருமா?"

"ஏன்டா இப்பிடிப் பேசற? நான் இன்னா திருடியா?"

அத்தை அவர்களே, நீங்கள் திருடி இல்லை. அதை நான் அன்றும் சொன்னேன், இந்த மலரிலும் எழுதுகிறேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பெற்றவள் கட்டியிருந்த புடவை ஒரு பேசின் ஆகிவிட்டது. நான் யார் மேல் கோபப்படுவது, பாத்திரக்காரர் மேலா?

அப்போதுதான் உள்ளறையில் இருந்து அத்தையின் பேரன் ஹாரனை இழுத்துக்கொண்டு வந்தான். ஐந்து வயது. அமுக்கினான், காற்றுதான் வந்தது. "இது கெட்டுப் போச்சி, சத்தமே வராது" என்றான். நான் வாங்கிக்கொண்டேன். பிடுங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் தரையில் விழுந்து புரண்டு அழுதான். ஐந்து வயதுப் பிள்ளையிடம் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன் நான். இருக்கட்டும்.

ரயிலில் பாப்பா அதை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தாள். சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ரப்பர் பந்தைக் கழற்றினேன். கழுத்தில் ஏதோ அடைத்திருந்தது. குச்சியால் இழுத்தால் ஒரு வெள்ளைத் துணிக் கீற்று. ரப்பரில் ஊக்கு குத்தினால் ஓட்டை விழும் என்று தங்கை அதைச் சுருட்டி உள்ளே செருகியிருக்கிறாள்.

நான் எழுத்துக் கூட்டுவதற்குள் பாப்பா படித்துவிட்டாள்.

"பதினொன்றில் ஏழு. அப்பா ஆட்டோ ஹாரன். நீ என் வயிற்றில் இருக்கும்போது தெரு முனையில் அடிப்பார். நீ உதைப்பாய்."

ஒருமுறை படித்துவிட்டு, பாப்பா என்னைப் பார்த்தாள். "மாமா, மீதி சீட்டு எங்க?"

இதற்குத்தான் உங்களையெல்லாம் இத்தனை தூரம் அழைத்து வந்தேன். அந்தக் குரல் என்னுடையது. சீட்டைப் பிய்த்துப் போடுங்கள் என்று சொன்னவன் நான்தான். ஓட்டல்காரர்கள் வருவார்கள், போலீஸ் வரும், தங்கையின் பெயர் கெடும் என்று எனக்கு எப்போதும் வரும் பயம் அன்றும் வந்தது. யாரும் வரவில்லை. ஓட்டலில் இருந்து வந்தவர்கள் மாலையோடு வந்தார்கள். ஒரு சீட்டை, ஒரே ஒரு சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருந்தால் போதும். எழுத்தைப் பார்த்தேன். படிக்கவில்லை. எழுதி வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னது தரையில் கிடந்தது, நான் பீரோவில் தேடினேன்.

அதோடு போகவில்லை. சாயங்காலம் அந்தச் சீட்டுகளைக் காய்ந்த மாலைகளோடு கூட்டி அள்ளி, தெருக்கோடியில் வைத்துக் கொளுத்தியவனும் நான்தான். தீ பரவிவிடுமோ என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். அணைந்ததா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

ஆகவே யாரும் இந்த மலரைப் படித்துவிட்டு, இவன் நம்மை மட்டும் ஏசுகிறான் என்று சொல்ல வேண்டாம். ஏழு பேரில் பாப்பாவைத் தள்ளிவிட்டால் ஆறு பேர். ஆறில் முதல் ஆள் நான்.

அன்று இரவே பாப்பாவை உட்கார வைத்து, பெட்டியில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா திறந்து காட்டுவாளாம். பதினொன்றில் ஏழு பொருள்தான் ஞாபகம் வந்தது. ஹாரன், சட்டை, மூக்குக்கண்ணாடி, புடவை, போட்டோ, அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை, அவளுக்குத் தோடு செய்ய என்று அம்மா தன் தாலியில் இருந்து எடுத்து வைத்த இரண்டு பொன் குண்டு. மற்ற நாலும் என்னவென்று தெரியவில்லை. "இன்னும் யோசிக்கிறேன் மாமா" என்றாள். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி முகம். அவள் ஏன் யோசிக்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடியைச் சித்தி பஸ்ஸில் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பினார். கைப்பட்டையை எதிர் வீட்டு அக்கா, நாங்கள் தங்கை வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். போட்டோ போனது போனதுதான். கொடுத்த பேனர் கடையில் யாரும் திருப்பிக் கேட்காததால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த ஒரே படம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்தது பேனருக்காகத் தங்கையை மட்டும் வெட்டி எடுத்த துண்டு. இந்த மலரின் அட்டையில் இருப்பது அதுதான். தங்கையின் இடது தோளைப் பாருங்கள், இரண்டு விரல் நுனி தெரியும். அது மாப்பிள்ளையின் கை. என் மனைவி அதைப் பார்த்து அழுதுவிட்டாள். அவளை நான் திட்டவில்லை. திட்டாமலும் இல்லை.

பொங்கலுக்குச் சித்தப்பா வந்தார். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் மேல் காக்கிச் சட்டை. பாப்பா அவர் எதிரில் போய் நின்றாள்.

"சித்தப்பா, இது அப்பா சட்ட. காலர்ல பச்ச நூலு கீது பாரு. அம்மா தச்சது."

அவர் காலரைத் தடவிப் பார்த்தார். கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். "அண்ணன் சட்ட, போட்டுக்கினா கூட இருக்கிற மாதிரி இருந்துச்சி மச்சான்" என்றார் என்னிடம். அதையும் நான் நம்புகிறேன். அவருக்கும் அண்ணன் போனவர்தானே.

பாப்பா சட்டையை மடிக்கும் முன் பையைத் தடவிப் பார்த்தாள். தங்கையும் அப்படித்தான், மடிக்கும் முன் பையைப் பார்ப்பாள். உள்ளே ஓர் அடகுக் கடைச் சீட்டு இருந்தது. செங்கல்பட்டுக் கடை. 'குண்டு 2' என்று எழுதி, ஒன்பதாயிரம் என்று போட்டிருந்தது.

"இன்னா மச்சான் இது?" என்று கேட்டேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கத்தாத மச்சான். கருமாதிக்குத்தான் வெச்சேன். சாம்பார் சோறுன்னு சொன்னதும் உங்க அத்த இன்னா கேட்டாங்க? 'வாழ்ந்த பொண்ணுக்கு வெறுஞ்சோறா, கறி போட வக்கில்லையா'ன்னு நாலு பேர் எதிர்ல கேட்டாங்க. கையில டப்பு இல்லன்னு அங்க எப்பிடிச் சொல்றது? மீட்டுக் குடுத்துடலாம்னு நெனச்சேன். வண்டி டியூவே கட்ட முடியல."

"அது அவளுக்குத் தோடு செய்ய வெச்சதுய்யா!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? சீட்டத்தான் பிச்சுப் போடச் சொன்னியே!"

சொல்லிவிட்டு எழுந்தவர் பனியனோடு கிளம்பிப் போனார். தை மாதக் குளிர். என் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன், அதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். போன மாதம் எதிர் வீட்டு அக்கா கூடுவாஞ்சேரி வந்தார். மாமல்லபுரத்தில் சங்குக் கடையில் வேலை செய்பவர். பாப்பா அம்மா குரலைப் பற்றிக் கேட்ட விஷயத்தை என் மனைவி சொன்னதும், "என் போன்ல இருக்குமே, நான் எதையும் அழிக்கத் தெரியாதவ" என்று எடுத்தார். பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே போய் ஒன்றை அமுக்கினார்.

"அக்கா, பாப்பா வந்துட்டாளா? மாவு மேல் தட்டுல கீது, ரெண்டு தோச ஊத்திக் குடுக்கா. நான் வர ஏழாவும். ஓடாதன்னு சொல்லு அவள."

பின்னால் இஸ்திரிப் பெட்டியின் ஆவி இரைகிறது. அவ்வளவுதான். பாப்பா மூன்று முறை கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, இதுக்கு எப்பிடி சீட்டு குத்தறது?"

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் போனில் தங்கையின் குரல் இருக்கும். தீபாவளி வாழ்த்தாக இருக்கும், வீட்டு வாடகை விசாரித்ததாக இருக்கும், எதுவானாலும் சரி. அழித்துவிடாதீர்கள், என் எண்ணுக்கு அனுப்புங்கள். பெட்டியில் இருந்த அந்த நாலு பொருட்கள், ஆறு பேரில் யாருடைய வீட்டிலோ, எந்த மூலையிலோ, என்ன என்று தெரியாமலே கிடக்கின்றன. சின்னதாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாததாக இருக்கும். ஒன்றுக்கும் உதவாது என்று நாம் யார் சொல்வது? கொண்டுவந்து கொடுங்கள். நாங்கள் புதுத் துணியை நறுக்கிச் சீட்டு செய்திருக்கிறோம். மாப்பிள்ளையையும் தங்கையையும் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் பாப்பா எழுதிக்கொள்வாள். அவள் கையெழுத்தும் அச்சு மாதிரி வருகிறது. நான் இப்போது ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். நேரமாகிறது, ஆனாலும் படிக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசிய நர்ஸ் அம்மாக்களுக்கும், பத்து மாதமும் முகம் சுளிக்காமல் ஷிப்ட் மாற்றிக் கொடுத்த எங்கள் டிரைவர் நண்பர்களுக்கும், தங்களுக்குள் வசூல் செய்து பாப்பாவின் பள்ளிச் செலவை ஏற்ற ஓட்டல் துணி வெளுக்கும் பிரிவுத் தோழிகளுக்கும், எதையும் அழிக்கத் தெரியாத எதிர் வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. சட்டையைக் கழற்றிக் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி. அத்தை அவர்களின் பேசினில்தான் பாப்பா குளிக்கத் தண்ணீர் மொண்டு வைக்கிறாள். நல்ல கனம்தான்.

கடைசியாக ஒன்று. அடகுக் கடையில் அசலும் ஒரு வருட வட்டியும் சேர்த்து பதினோராயிரத்து நூற்றறுபது ரூபாய். சித்தப்பா மூவாயிரம் கட்டியிருக்கிறார், நான் மூவாயிரத்து ஐந்நூறு. இந்த மாதக் கடைசிக்குள் மீட்கவில்லை என்றால் ஏலம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் இல்லை. கடன் வாங்கியாவது நானே கட்டிவிடுவேன், அது வேறு. ஆனால் கருமாதி அன்று பந்தலில் நூற்றிருபது இலை விழுந்தது. கறி நன்றாக இருந்தது என்று கை கழுவும்போது பலர் சொன்னீர்கள். நானும் சாப்பிட்டேன். நாம் சாப்பிட்டது பாப்பாவின் தோடு.

அதற்கான சீட்டைப் பாப்பா எழுதி, குண்டு வந்தால் போட்டு வைக்க எடுத்த காலிச் சுருக்குப் பையில் குத்தி வைத்துவிட்டாள். "அம்மாவின் தாலிக் குண்டு. எனக்குத் தோடு செய்ய." பை பெட்டியில் இருக்கிறது. குண்டு கடையில் இருக்கிறது. இன்னும் கட்ட வேண்டியது நாலாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாய்.